ஒழுகுவதற்கென்றே ஒரு துளை

பாலா,

இதை நீ படிக்க மாட்டாய் என்று தெரியும். செம்பூர் கோயில் வாசலில் "செருப்பை இங்கே விடவும்" என்று எழுதியிருப்பதை நீ எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் உள்ளே தீபாராதனை முடிந்துவிடும். அதில் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பள்ளிக்கூடத்தில் இந்தியும் மராத்தியும் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டியவன் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான். பேசி அனுப்பலாம் என்றால் நீ என் பேச்சை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறவன். ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். என் குரல் கோழி விரட்டுகிற மாதிரி இருந்தது. அதனால் எழுதுகிறேன். செல்வி, நீதான் இதை அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். கல்யாணமாகி இன்னும் மஞ்சள் வாசம்கூடப் போகவில்லை, அதற்குள் மாமனார் வேலை வைக்கிறார் என்று நினைக்காதே. நடுவில் உன்னைப் பற்றியும் வரும், உன் வீட்டு ஆட்களைப் பற்றியும் வரும். எதையும் தாண்டிப் போகாதே அம்மா. எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் இங்கே வந்து, நீ விட்டுப் போன வண்டியை எடுத்துக்கொண்டு, செல்வியைப் பின்னால் உட்காரவைத்து, பழைய ரோட்டில் கண்டாலா மலைப்பாதை ஏறி புனே போவதாகத் திட்டம். வண்டியின் வாட்டர் பம்ப் ஒழுகுவதை நான் சரிசெய்துவிட்டேனா என்று போனில் கேட்டாய். "ஆயிட்டுல. வந்து எடுத்துட்டுப் போ" என்றேன். ஆகவில்லை. இன்னும் ஒழுகுகிறது. ஒரு வரியில் முடிய வேண்டிய சேதி இது. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் அசதி, அசந்துபோனவன் பேச்சு நீளத்தான் செய்யும். அந்த ஒரு வரியை ஏன் உடனே போன் போட்டுச் சொல்ல முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் புனே போன பிறகு, பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று வாரம் ஒரு தரம் கீழே போய் வண்டியைக் கிளப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு வந்தேன். வேலையில்லாத மனுஷனுக்கு அதுவும் ஒரு வேலை. கீழே புதிதாக டைல்ஸ் போட்ட பார்க்கிங்கில் நம் கட்டட செக்ரட்டரி எதிர்ப்பட்டால் நின்று பேசுவார். "காகா, உங்க பையன் ஏக்தம் ஹோஷியார், கெட்டிக்காரன். டைல்ஸ்ல பச்சைக் கறைன்னு குரூப்ல போட்டோ போட்டேன், மறுநாளே ஒழுகறது பந்த், நின்னுபோச்சு" என்று பாதி தமிழில் பாதி இந்தியில் பாராட்டினார். நானும் மீசையைத் தடவிக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள், என்னவோ தோன்றி, குனிந்து எஞ்சினில் ஆயில் தெரிகிற அந்தச் சின்னக் கண்ணாடியைப் பார்த்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில், பால் விட்ட காப்பி நிறத்தில் நின்றது. மாஹுல் பக்கத்து ஆலையில் வேலையில் சேர்ந்ததிலிருந்து ரிட்டையராகும்வரை பம்ப் செக்‌ஷனிலேயே கிடந்தவன் நான். அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். கையை அடியில் விட்டுத் தடவினேன். பம்புக்கு அடியில் இருக்க வேண்டிய துளை இல்லை. அந்த இடத்தில் கல் மாதிரி ஒரு உருண்டை ஒட்டியிருந்தது. பிசைந்து ஒட்டுகிற பசை.

செல்விக்குப் புரிய வேண்டும் என்பதால் சொல்கிறேன். எஞ்சின் சூட்டைத் தணிக்க இந்த வண்டியில் பச்சை நிறத்தில் ஒரு நீர் ஓடுகிறது. அதை ஓடவைப்பது பம்ப். பம்பின் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் எஞ்சின் ஆயில். நடுவில் சுழலும் தண்டைச் சுற்றி இரண்டு சீல் இருக்கும், குக்கர் மூடிக்கு காஸ்கெட் மாதிரி. ஒன்று நீரைப் பிடித்துக்கொள்ளும், ஒன்று ஆயிலைப் பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டுக்கும் இடையிலிருந்து கீழே தரையைப் பார்த்து ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். நீர்ப்பக்கத்து சீல் தேய்ந்தால், நீர் ஆயிலுக்குள் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியே சொட்டும். தரையில் கறை விழும். கறையைப் பார்த்து ஆள் உஷாராவான். ஒழுகுவதற்கென்றே வைத்த துளை அது. அதை அடைத்தால் டைல்ஸ் சுத்தமாகிவிடும், நீர் ஆயிலுக்குள் போய்ச் சேரும். அப்படியே மலையேறியிருந்தால் எஞ்சின் நடுரோட்டில் இறுகி நின்றிருக்கும். பின்னால் லாரி, பக்கத்தில் பள்ளம், அவன் முதுகுக்குப் பின்னால் நீ, செல்வி. அன்று அந்தப் பார்க்கிங்கில் நின்றபடி நான் நினைத்தது இதைத்தான். வாட்ச்மேன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பாலா, உனக்குப் போன் போட்டதும் நீ சொன்னது ஞாபகமிருக்கிறதா? "அப்பா, கல்யாண டைம்ல எங்க பா டைம்? அந்த ஆள் குரூப்ல போட்டோ போட்டுட்டான். ஊர்லருந்து சொந்தக்காரங்க எல்லாம் வந்து இறங்குற நேரம். சும்மா டெம்பரரியா போட்டேன். டென்ஷன் மத் லோ, கவல வேணாம்." எனக்குக் கோபம் வந்தது. பம்ப்காரன் பிள்ளை, துளை எதற்கு என்று தெரியாதவனா என்று வாய்வரை வந்தது. நீ தெரிந்துதான் செய்தாய். அதுதான் என்னைச் சுட்டது. போனை வைத்துவிட்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. அதைப் பார்த்ததும் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

செல்வி, இந்த இடத்தில் உன் தாய்மாமா வருகிறார். சங்கரன்கோவிலிலிருந்து உன் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள் அல்லவா? அதற்கு முந்தைய மழையில் மாடி வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எங்கள் ஹால் சுவரில் இறங்கி, ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்குக் கறை. சுண்ணாம்பு பூசினால் மறுநாள் மறுபடி ஊறும். பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று உன் அத்தைக்கு சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். மளிகைக் கடையில் கொடுத்த பெரிய அட்டைக் காலண்டரை அந்தக் கறைமேல் தொங்கவிடலாம் என்றாள். ஆணி அடித்தது நான். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது பாலா. எல்லாம் நன்றாகத்தான் போனது, உன் மாமா எழுந்து, "வைகாசில முகூர்த்தம் எப்ப வருதுன்னு பாப்போம்" என்று காலண்டரைக் கையில் எடுக்கும்வரை. அடியில் தாள் ஈரத்தில் சுவரோடு ஒட்டியிருந்தது. எடுக்கும்போது சரக்கென்று சத்தம் கேட்டது. உன் அத்தை கையிலிருந்த கேசரித் தட்டு அப்படியே நின்றது. உன் மாமா கறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், பழையபடி மாட்டினார். "நல்ல நாளாத்தான் இருக்கு" என்று சொல்லி உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார். உன்னிடம் அவர் சொன்னாரோ இல்லையோ, இப்போது நான் சொல்லிவிட்டேன். பாலா, அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு நாங்கள் என்ன பாடம் எடுத்தோம் என்று யோசித்துப் பார். கறை தெரியக் கூடாது, அவ்வளவுதான். நீ பார்க்கிங்கில் செய்தது எங்கள் ஹாலில் படித்தது. உன்னைத் திட்ட எனக்கு எந்த முகமும் இல்லை.

அதனால் திட்டாமல் வேலையைப் பார்த்தேன். குர்லாவுக்கு ரயிலேறிப் போய், ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற நம் கீழக்கரை பாயிடம் சீல் கேட்டேன். "அண்ணே, இந்த வயசுல இத எதுக்கு இழுத்துப் போட்டுக்கிறீங்க? வண்டிய டெம்போல ஏத்தி அனுப்புங்க, நம்ம பசங்க பாத்துக்குவாங்க" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "பாய், பம்ப்புன்னா எனக்கு என்னன்னு தெரியும். நான் பாத்த பம்ப்புக்குள்ள இந்த வண்டியே போயிரும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு சீலையும் ரப்பர் வளையத்தையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வந்து, பச்சை நீரை வடித்தேன், கெட்டுப்போன ஆயிலை வடித்தேன், புது ஆயில் விட்டு அலசி மறுபடி வடித்தேன், பம்ப்பைக் கழற்றி, துளையை அடைத்த பசையைச் சுரண்டி எடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உட்கார்ந்து எழுந்திருப்பதற்கு ஒவ்வொரு தரமும் பக்கத்து வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முன்பு காலையில் ஷிப்ட்டுக்குப் போனதும் முதல் வேலை, பம்ப் பம்ப்பாகக் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்ப்பதுதான். அந்த முழங்கால் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

நடு ஹாலில் பேப்பர் விரித்து உட்கார்ந்ததும் உன் அம்மா ஆரம்பித்தாள். "ஏங்க, இது வீடா பட்டறையா? நாளும் கிழமையுமா நடு வீட்டுல எண்ணெயக் கொட்டிக்கிட்டு." சூடாக்கினால் உலோகம் கொஞ்சம் விரியும், சீல் லேசாக இறங்கும் என்று பம்ப்பின் கூட்டை வெந்நீரில் போட வேண்டியிருந்தது. நான் எடுத்த பாத்திரம் இட்லிப் பானை. "அதுல இனி யாரு இட்லி திம்பா? நீங்கதான் திங்கணும்" என்றாள். "தின்னுட்டுப் போறேன்" என்றேன். சண்டை போடக்கூட இரண்டு பேருக்கும் தெம்பில்லை. அவள் போய்ப் பழைய பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

சீலை இறக்குவதில் ஒரே ஒரு சூட்சுமம்தான். நேராக இறங்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு நூல் முந்திவிட்டால் வாய் கோணிவிடும், பிறகு பிடிக்காது. ஆலையில் அதை அழுத்தி இறக்கப் பிரஸ் இருந்தது. வீட்டில் ஒரு சுத்தியலும், சீலின் விளிம்பளவுக்கு ஒரு இரும்புக் குழலும். குழலை நேராகப் பிடித்து மெல்லத் தட்ட வேண்டும். தட்டினேன். பிடித்த கை நிற்கவில்லை. இன்னொரு தரம் தட்டினேன். சத்தம் மாறியது. கோணலாக இறங்குகிற சீலுக்கு ஒரு சத்தம் உண்டு. அதைக் கேட்டால் நான் முன்பெல்லாம் பக்கத்திலிருக்கிற பையனை ஆலை அதிரத் திட்டுவேன். இப்போது கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். கடைசிவரை இறக்கி, துணியால் துடைத்து, பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து உன் போன். "அப்பா, ஹோ கயா கியா?" என்றாய். என் வாய் முந்திக்கொண்டது. ஆயிட்டுல என்றேன். நீ, "அப்பா கிரேட் பா" என்றாய். உன் அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

பம்ப்பை மாட்டி, நீர் நிரப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அடியில் ஒரு பேப்பரை விரித்துவிட்டு வந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் பேப்பரில் ஒரு சொட்டு. பச்சை. நாலணா அளவுதான். துளை தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது, நான்தான் செய்யவில்லை. பாயிடம் போனில் கேட்டேன். "கொஞ்சம் ஓடட்டும் அண்ணே, ஓட ஓட செட் ஆயிரும்" என்றார். ஆகலாம். தட்டையான ரோட்டில், தனியாக ஓட்டுகிறவனுக்கு ஆகலாம். ஓடவிட்டு மறுநாள் பார்த்தேன், சொட்டு பெரிதாக இருந்தது. மலையேற்றத்தில் எஞ்சின் சூடேறும்போது அது சொட்டாக இருக்காது.

இதற்கப்புறம் நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. நீ பிசைந்தது போக மிச்சப் பசையை செருப்பு ஸ்டாண்ட் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாய். அதைப் பையில் போட்டுக்கொண்டு கீழே போனேன். வண்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து பசையைப் பிசைந்தேன். பிசையப் பிசைய உள்ளங்கையில் சூடு ஏறியது. ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று மனசு சொன்னது. ஞாயிற்றுக்கிழமை நீ வருவாய், அடியில் பார்ப்பாய், சொட்டு இருக்காது, அப்பா கிரேட் என்பாய். புனே போய்ச் சேர்ந்த பிறகு அங்கே நல்ல மெக்கானிக்கிடம் காட்டு என்று வேறு ஏதாவது சாக்குச் சொல்லிவிடலாம். முப்பது வருஷம் பம்ப் பார்த்தவன் ஒரு கட்டைவிரல் அளவு சீலிடம் தோற்றான் என்று யாருக்கும் தெரியாது. செக்ரட்டரி அந்தப் பக்கம் போனார். "கியா காகா, சப் டீக்? எல்லாம் சரியா?" என்றார். டீக் டீக் என்று தலையாட்டினேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கையிலிருந்த பசையை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது கையிலேயே இறுகிவிட்டது. இப்போது நான் எழுதுகிற இந்தத் தாள் ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க அந்த உருண்டையைத்தான் மேலே வைத்திருக்கிறேன். என் விரல் பதிந்த தடம் அதில் இருக்கிறது.

பாலா, சீல் ஏன் கோணலாக இறங்கியது என்று நீ கேட்பாய். என் கை நடுங்குகிறது. இப்போது வந்ததல்ல, உன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது. தாலித் தட்டை எல்லோரிடமும் ஆசீர்வாதம் வாங்க எடுத்துப் போகச் சொன்னபோது, அண்ணன் இருக்கும்போது நான் எப்படி என்று உன் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டேன். என்ன மரியாதை என்று மண்டபமே மெச்சியது. தட்டு ஆடும் என்றுதான் கொடுத்தேன். உன் அம்மா எனக்கு டம்ளரில் பாதிதான் காப்பி ஊற்றுகிறாள், சிந்தாமலிருக்க. நான் ஏன் என்று கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. செல்வி, எழுத்து கோணலாக இருக்கும் என்று முதலில் சொன்னேனே, அதற்குக் காரணமும் இதுதான். எனக்குப் பயமாக இருக்கிறது. டாக்டரிடம் போனால் அதற்கு ஒரு பேர் வைத்துவிடுவார் என்று இத்தனை நாள் போகவில்லை.

எனவே ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வாருங்கள், பஸ்ஸிலேயே திரும்பிப் போகிற மாதிரி வாருங்கள். வண்டிச் சாவியை உன் அம்மா அரிசி டப்பாவுக்குள் போட்டிருக்கிறாள், நீ கேட்டாலும் தர மாட்டாள். புது சீல் ஒன்று வாங்கி வைத்துவிட்டேன். நீ குழலைப் பிடித்துக்கொள், உன் கை ஆடாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுச் சொல்கிறேன், காது இன்னும் கெடவில்லை. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு என்னை டாக்டரிடம் கூட்டிப் போ. தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை. இதை உன்னிடம் கேட்பதற்குத்தான் இத்தனை பக்கம் ஆயிற்று என்று இப்போது தெரிகிறது. அங்கே புனேயில் உங்கள் இரண்டு பேருக்குள் ஏதாவது ஒழுகினால் அடைத்துவிட்டு எனக்கு 'சப் டீக்' என்று அனுப்பாதே. ஒழுகுகிறது என்று சொல். வந்து சரிசெய்ய முடியாவிட்டாலும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

செல்வி, இனி வருவது உனக்கு. அவன் எத்தனை சொன்னாலும், ஏறுவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் ஒரு தரம் குனிந்து பார். உன் கண்ணால் பார்த்துவிட்டு ஏறு. உன் வீட்டார் வந்த அன்று மாட்டிய காலண்டரை இன்று காலையில் கழற்றிவிட்டேன். கறை முன்னைக்கு இப்போது இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது, நீங்கள் வரும்போது அது தெரியட்டும். உன் அத்தையிடம் காப்பியை டம்ளர் நிறைய ஊற்றச் சொன்னேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, நிறைய ஊற்றிக் கொடுத்தாள். இந்தத் தாளின் ஓரத்தில் பழுப்பாக இருப்பது அதுதான்.

அப்பா